தகுதியும் பசியும்: தாது ஆண்டுப் பஞ்சத்தில் பாதிக்கப்பட்டோரைச் சமூகம் நோக்கிய முறை

இறையனார் களவியலுரை கூறும் முச்சங்க வரலாறு தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்தது. பாண்டிநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வற்கடம் நேர்ந்தது. புலவர்களைத் தன்னால் புரக்க இயலாது என்று உணர்ந்த அரசன் அவர்களைப் பிற நாடுகளுக்குச் சென்று, நாடு செழித்தபின் மீண்டு வருமாறு வேண்டினான். மழை பெய்தபின் ஆள் விடுத்து அழைத்தான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர்; பொருளதிகாரம் வல்லார் கிடைத்திலர். அரசன் கவன்றான். அக்கவற்சியைத் தீர்க்கவே இறைவன் அறுபது சூத்திரங்களைச் செய்தான் என்பது உரை கூறும் செய்தி.

இப்பகுதியை இலக்கண வரலாறாகவே நாம் கற்கிறோம், கற்பிக்கிறோம். அது வரலாறா, புனைவா என்னும் வாதமும் நெடுங்காலமாக நிகழ்ந்து வருகிறது. ஆனால், பன்னிரண்டு ஆண்டு வற்கடத்தில் உழவரும் வினைவலரும் என்ன ஆயினர் என்ற வினாவை இவ்வாதத்தின் எந்தத் தரப்பும் எழுப்பியதாகத் தெரியவில்லை. அப்பஞ்சத்தின் இழப்பாகப் பதிவு பெற்றது இலக்கணத்தின் ஒரு கூறு மட்டுமே. உரையாசிரியரை இதற்காகக் குறைகூறுதல் பொருந்தாது. நூல் தோன்றிய வரலாற்றை மொழிவதே அவர் நோக்கம். பல ஆண்டுகள் இதனை வகுப்பில் விளக்கியும் இவ்வினா எழாமற்போனது என் வாசிப்பின் குறையே.

துன்புற்றோரை ஒரு சமூகம் எவ்வாறு அறிந்துகொள்கிறது, அறிந்தபின் அவர்பால் எவ்வாறு ஒழுகுகிறது என்பது அறவியல் வினா. அதனைப் பொதுநிலையில் பேசுவதைவிட ஒரு நிகழ்வில் வைத்துப் பேசுவதே பயன்தரும். எனவே, 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாக்கிய பெரும்பஞ்சத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தாது ஆண்டில் தொடங்கி ஈசுவர ஆண்டிலும் நீடித்தமையின் மக்கள் வழக்கில் அது தாது வருடப் பஞ்சம் எனப்பட்டது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதி ஆகியன அதற்கு உட்பட்டன. பிரித்தானியர் நேரடியாக ஆண்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது அரசின் பஞ்ச ஆணையம் ஒப்புக்கொண்ட மதிப்பீடு. 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 20 இலட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881இல் 16 இலட்சமாகக் குறைந்திருந்தது. மைசூரில் 50 இலட்சத்துக்குச் சற்று மேலாக இருந்தது 42 இலட்சத்துக்கும் கீழாயிற்று.

சொல்லும் வேற்றுமையும்

பஞ்சம், வற்கடம், கருப்பு, கரிப்பு எனத் தமிழில் இந்நிகழ்வுக்குப் பல பெயர்கள் உண்டு. அதில் அகப்பட்ட மனிதரைக் குறிக்கவோ பழஞ்சொல் எதுவும் நிலைக்கவில்லை. இன்று வழங்குவன இரண்டு. ஒன்று 'பலியானோர்'. பலி என்பது தெய்வத்துக்கு இடுவது. விக்டிமா என்னும் இலத்தீன் சொல்லும் வேள்விக்குரிய உயிரையே குறித்தது. பஞ்சத்துக்குப் பலியாயினர் என்று எழுதும்போது பஞ்சம் பலி கேட்கும் தெய்வமாகிவிடுகிறது. பலியிட்டவர் யார் என்னும் வினா அத்தொடரில் எழுவதற்கே இடமில்லை.

மற்றொன்று 'பாதிக்கப்பட்டோர்'. செயப்பாட்டு வினையடியாக வந்த இச்சொல் வினைமுதலை வெளிப்படச் சொல்லாமலே நிறைவு பெறும். சொன்னாலும் 'பஞ்சத்தால் பாதிக்கப்பட்டோர்' என்றே சொல்கிறோம். மூன்றாம் வேற்றுமை வினைமுதற்பொருளிலும் கருவிப்பொருளிலும் வரும் என்பது இலக்கணம். 'பஞ்சத்தால்' என்பதில் உள்ள உருபு இவற்றுள் எப்பொருளில் வந்தது? வினைமுதற்பொருளில் வந்தது எனின் பஞ்சமே செய்தது. மனிதர்க்கு அதில் பங்கில்லை. கருவிப்பொருளில் வந்தது எனின் அக்கருவியைக் கையாண்டவர் யார் என்று கேட்டேயாக வேண்டும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1877இல் அரசுக்கும் அதன் அலுவலர்க்கும் இடையே நிகழ்ந்த வழக்கும் ஏறத்தாழ இதுவே.

உடலே சான்று

1876இல் பருவமழை பொய்த்தது உண்மை. அவ்வாண்டின் இறுதியில் சென்னை அரசு தானே தானியம் வாங்கி இருப்பு வைக்க முற்பட்டபோது, அது தனியார் வணிகத்தில் தலையிடுவதாகும் என்று இந்திய அரசு கண்டித்தது. 1877 சனவரி முதல் நாள் விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழா தில்லியில் நடந்தது. சென்னை ஆளுநரான பக்கிங்காம் கோமகன் தம் மாகாணம் பட்டினியில் இருக்க அவ்விழாவுக்கு வந்திருந்தார். விழா நிகழ்ந்த திடல் இன்று பூங்காவாக உள்ளது. நான் தமிழ் பயிற்றுவிக்கும் வகுப்பறையிலிருந்து அது சில கிலோமீட்டர் தொலைவுதான்; அங்குள்ள தூண் 1911ஆம் ஆண்டு விழாவை நினைவுகூர்கிறது. சென்னைப் பஞ்சத்தை எவ்வாறு நடத்துவது என்பதும் அத்தில்லிக் கூட்டத்தையொட்டியே முடிவு செய்யப்பட்டது. வைசிராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிளைப் பஞ்சப் பணிகளின் மேற்பார்வைத் தூதராகத் தெற்கே அனுப்பினார்.

டெம்பிளின் முன்வரலாறு இங்கு இன்றியமையாதது. 1874இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கியவர் அவரே. அங்குப் பட்டினிச் சாவு மிகக் குறைவாகவே இருந்தது. அச்சாதனைக்காக அவருக்குக் கிடைத்தது வீண்செலவு செய்தவர் என்னும் பழி. அப்பழியைத் துடைத்துக்கொள்ளும் வாய்ப்பாகவே அவர் சென்னைப் பணியைக் கருதினார் என்று வரலாற்றாசிரியர் பலரும் எழுதியுள்ளனர். உயிர்களைக் காத்தமைக்காக இகழப்பட்ட ஒருவர், அடுத்த முறை காசைக் காக்க முற்பட்டார் என்பதில் வியப்பதற்கு ஏதுமில்லை. ஆனால், அவ்விகழ்ச்சியைப் பொழிந்த இதழ்களையும் அவற்றைப் படித்துத் தலையசைத்த பொதுமக்களையும் விடுத்து டெம்பிளை மட்டும் குற்றவாளியாக்குவது எளிதான வழி.

சென்னைக்கு வந்த டெம்பிள், நிவாரணம் பெறுவோருள் பலர் உண்மையில் தேவையற்றவர் என்று கருதிப் பட்டியல்களைச் சுருக்கினார். வேலைத்தலங்களில் ஆடவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியம் வாங்கப் போதிய காசும் அதற்கு மேல் அரையணாவும் கூலி என்று வகுத்தார். டெம்பிள் கூலி என்று வரலாற்றில் பெயர்பெற்றது இதுவே. முன்னர் இருந்த அளவு ஒன்றரைப் பவுண்டு. இவ்வுணவை உண்டு மண்வெட்டவும் கல்லுடைக்கவும் வேண்டும். வேலைத்தலமும் ஊரருகே இருத்தல் கூடாது. தொலைவே ஒரு சோதனை என்பது அக்காலக் கொள்கை. உண்மையில் பசித்தவனே இவ்வளவு தூரம் நடந்து இவ்வளவு குறைந்த கூலிக்கு உழைப்பான். ஆகவே நடையும் உழைப்பும் அவன் பசிக்குச் சான்று என்பது இதன் தருக்கம்.

இத்தருக்கத்தில் உள்ள கொடுமையை விளக்க உணர்ச்சிச் சொற்கள் வேண்டா. பசித்தவர் தம் பசியை மெய்ப்பிக்க எஞ்சியிருந்த வலிமையைச் செலவிட வேண்டியிருந்தது. மெய்ப்பிக்க இயலாதபடி நலிந்தவரே மிகவும் பசித்தவர். சோதனை சரியாக வேலை செய்யும் அளவுக்கு, அது யாருக்காக ஏற்பட்டதோ அவரை விலக்கும்.

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். அவர் எடுத்த சான்றுகளுள் ஒன்று சிறைச்சாலை உணவுப் பட்டியல். கடுங்காவல் கைதிக்கு அரசு அளித்த உணவு, குற்றமேதும் செய்யாத பஞ்சத் தொழிலாளி தன் கூலியால் பெற்றதைவிட மிகுதி. 1877 மே மாதத்தில் கூலி ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்கு முந்தைய மாதங்களில் இறந்தோரை எவரும் முறையாக எண்ணவில்லை. 1878இல் கார்னிஷ் சில பகுதிகளில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி, இருந்திருக்க வேண்டியவர் எத்தனை பேர், இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். இல்லாதவரை எண்ணிய அக்கணக்கே அவர்களுக்குக் கிடைத்த முதற்பதிவு.

கற்பே சான்று

சோதனை என்பது ஆங்கில ஆட்சி கொணர்ந்த புதுமை என்று கூறி நாம் அமைதியடைதல் இயலாது. தமிழ் மக்கள் பஞ்சத்தை நினைவில் வைத்திருக்கும் கதைகளுள் தலையாயது நல்லதங்காள் கதை. கதைப்பாடலாகவும் கூத்தாகவும் மேடை நாடகமாகவும் பின்னர்த் திரைப்படமாகவும் வழங்கிய அதனைக் கேட்டு அழாத ஊர் இல்லை. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சத்தில் ஏழு மக்களோடு தமையன் வீடு நோக்கி வருகிறாள் நல்லதங்காள். தமையன் இல்லாத வேளை. அண்ணி மூளி அலங்காரி கதவடைக்கிறாள். நல்லதங்காளின் கற்பின் வலியால் கதவு திறக்கிறது. எரியாத ஈர விறகும் பச்சை மட்டையும் எரிகின்றன. அவ்வாறு ஆக்கிய உணவும் மக்களுக்குக் கிட்டுவதில்லை. இறுதியில் மக்களைப் பாழ்ங்கிணற்றில் எறிந்து தானும் வீழ்கிறாள்.

இக்கதையை நோக்குங்கால் இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. நல்லதங்காள் பசித்தவள் என்பது கேட்போர் கண்ணீருக்குப் போதவில்லை. அவள் கற்புடையவள் என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது. கற்பில்லாத ஒருத்தி, அல்லது கற்பைப் பற்றிக் கதை எதுவும் சொல்லாத ஒருத்தி, ஏழு மக்களோடு கிணற்றில் வீழ்ந்திருந்தால் அவளுக்குக் கதைப்பாடல் இருந்திருக்குமா என்பது ஐயமே. அடுத்து, கதை தேடும் நீதி அண்ணியைத் தண்டிப்பதோடு முடிகிறது. நாடாண்ட கணவனின் களஞ்சியம் என்ன ஆயிற்று என்று கதை கேட்பதில்லை. பெரும் பஞ்சம் ஒரு கொடிய பெண்ணின் குணமாகச் சுருங்குகிறது. அழுது முடித்தவர் மனநிறைவோடு வீடு திரும்பலாம்; தாம் மூளி அலங்காரி அல்லர் என்பது ஒவ்வொருவர்க்கும் தெரியும்.

கொடுப்பவரிடம் கேட்ட சான்று

இதற்கு நேர்மாறான நிலையை மணிமேகலையில் காண்கிறோம். அமுதசுரபியில் முதற் பிச்சையை இடத் தக்கவள் யார் என்ற வினா அங்கே எழுகிறது. கற்பில் சிறந்த ஆதிரை இட்ட பின்னரே அது வற்றாத கலமாகிறது. அதாவது, தகுதி கேட்கப்படுவது கொடுப்பவரிடம், பெறுபவரிடம் அன்று. முதலில் பசி தீர்ந்தவள் காயசண்டிகை. அவளது யானைத்தீ நோய் முனிவனின் சாபத்தால் வந்தது. அச்சாபத்துக்கு அவள் காலடியே காரணம். நிவாரண அலுவலர் எவரேனும் இருந்திருப்பின், தன் குற்றத்தால் வந்த பசி என்று அவளைப் பட்டியலிலிருந்து நீக்கியிருப்பார். காப்பியத்தில் அக்குற்றம் கூறப்படுகிறது; ஆனால் உணவுக்கு அது தடையாகவில்லை. மணிமேகலை பின்னர்ச் சிறைக்கோட்டத்தில் புகுந்து கைதிகளுக்கு உணவளித்து, அரசனிடம் வேண்டி அதனை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். சிறையுணவைவிடக் குறைந்த உணவை அறம் என்று வழங்கிய 1877ஆம் ஆண்டை எண்ணியபின் இக்காதையைப் பழைய மனநிலையோடு படிக்க என்னால் இயலவில்லை.

மணிமேகலையின் காலத்துக்கும் தாது ஆண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி உண்டு என்று மறுப்போர் வடலூரை நோக்கலாம். 1866ஆம் ஆண்டுப் பஞ்சத்தை அடுத்து, 1867 மே 23ஆம் நாள் இராமலிங்க அடிகள் அங்குச் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாது காக்கப்பட்டு வருகிறது. அவரது ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூல், பசித்தவரின் தேசம், சமயம், சாதி, நடத்தை ஆகிய எதனையும் ஆராயாமல் பசி நீக்குக என்று வலியுறுத்துகிறது. நடத்தையையும் அவர் சேர்த்துக் கூறியது கூர்ந்து நோக்கத்தக்கது. சாதியை ஆராயாதே என்று கூறிய அறவோர் பலர். நடத்தையை ஆராயாதே என்பது அரிதினும் அரிது. அடிகளிடமும் எல்லைக்கோடு இல்லாமல் இல்லை. கொலையும் புலாலும் தவிர்த்தோரை அக இனத்தார் என்றும் ஏனையோரைப் புற இனத்தார் என்றும் பிரித்தவர் அவர். ஆயினும், புற இனத்தார்க்கும் மறுக்கலாகாதது பசி தவிர்த்தல் என்பதே அவர் வகுத்த நெறி. பிரிவினையை வகுத்த கையே சோற்றை அப்பிரிவினைக்கு வெளியே வைத்தது.

பெயர் பெற்றோர்

கொடையின் வரலாறு கொடுத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை பஞ்சகாலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்து உதவினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். இரண்டுமே போற்றத்தக்கன. வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுகவிலாசம், 1899இல் அச்சானது, இன்னும் துணிவான நூல். பஞ்சத்தைப் போக்கத் தம்மால் ஆகாது என்று மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதுகிறார் என்பது அதன் கற்பனை. பாணபத்திரனுக்காகச் சேரமானுக்கு ஓலை விடுத்த இறைவன் இங்குக் கையறு நிலையில் நிற்கிறான். அங்கதம் கடவுள்வரை எட்டிய அந்நூலும் ஒரு புரவலர் பெயரில்தான் வந்து முடிகிறது.

சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்க் கால்வாயைப் பஞ்சத் தொழிலாளர் 1877–78இல் வெட்டினர். அது பக்கிங்காம் கால்வாய் எனப்படுகிறது. தில்லி விழாவுக்குச் சென்று மீண்ட ஆளுநரின் பெயர். வெட்டியவர்களின் சுவடு மக்கள் வழக்கில் வேறு இடத்தில் தங்கியிருக்கிறது. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது தோன்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னை மக்கள் 'கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி' என்றே வழங்கினர். பலகையில் எழுதப்படாத பெயர் அது. தாது ஆண்டில் அச்சத்திரம் நிவாரண முகாமாகவும் இருந்தது. அங்கு இறந்தோரின் உடல்களை ஆராய்ந்த மருத்துவர் போர்ட்டர், பட்டினி உடலுக்குச் செய்வது என்ன என்பது பற்றி 1889இல் விரிவான நூல் வெளியிட்டார். கஞ்சி கிடைக்காமலோ காலம் கடந்து கிடைத்தோ இறந்தவர்கள் மருத்துவ அறிவுக்கும் கொடையளித்தனர். அக்கொடைக்குக் கீர்த்தனை இல்லை.

படமும் பாட்டும்

சென்னைக் குதிரைப்படை அதிகாரியான ஹூப்பர் என்பவர் பஞ்சத்தில் நலிந்தோரைக் கூட்டங்கூட்டமாக நிறுத்தியும் இருத்தியும் ஒளிப்படங்கள் எடுத்தார். எலும்பு எண்ணத்தக்க உடல்கள். ஒளிப்படக்கருவியை நோக்கும் கண்கள். படமெடுத்தவர் அவர்களுக்கு உதவவில்லை என்று அக்காலத்திலேயே இதழ்கள் அவரைச் சாடின. இப்படங்களுள் ஒன்றன் தலைப்பு, இவர்கள் இலவச நிவாரணத்துக்குத் 'தகுதியுடையோர்' என்கிறது. அந்த உடல்நிலையை எய்திய பின்னர்தான் உழைப்புச் சோதனையின்றிக் கஞ்சி பெறும் தகுதி வாய்த்தது என்பதற்கு அத்தலைப்பைவிடத் தெளிவான ஆவணம் எனக்குக் கிட்டவில்லை.

இப்படங்கள் இன்று நூல் அட்டைகளிலும் கருத்தரங்கத் திரைகளிலும் தடையின்றிப் பயன்படுகின்றன. நானும் பயன்படுத்தினேன். பஞ்சக் கும்மிகளைப் பற்றிய ஒரு கருத்தரங்கில் கட்டுரைத் தலைப்பின் பின்னணியாக அவற்றுள் ஒன்றை இட்டிருந்தேன். அவைக்கு ஆர்வம் ஊட்டுவதே நோக்கம். அதற்கு மேல் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் சான்றுக்காக நிறுத்தப்பட்டவரை மீண்டும் சான்றுக்காக நிறுத்துகிறோம் என்னும் உணர்வு அப்போது எழவில்லை. அவர் ஒப்புதலை யாரும் கேட்டதில்லை என்பதும் தோன்றவில்லை.

கும்மிகளையும் நாம் ஏறத்தாழ இவ்வாறே நடத்தி வருகிறோம். டேவிட் ஆர்னால்டு போன்ற வரலாற்றறிஞர்கள் இப்பஞ்சத்தில் உழவர் கொண்ட எண்ணங்களையும் செயல்களையும் 1984 அளவிலேயே ஆராயத் தலைப்பட்டனர். கொங்குப் பகுதிப் பஞ்சக் கும்மிகளைப் புலவர் செ. இராசு தேடித் தொகுத்தார். தமிழ்த்துறைகளாகிய நாம் அவற்றைச் சிற்றிலக்கியம், நாட்டார் வழக்காறு என்னும் இரு பெட்டிகளுள் எதில் இடுவது என்று விவாதித்துக்கொண்டிருக்கிறோம். ஆடிப் பாடுதற்குரிய கும்மி வடிவில் மக்கள் பட்டினியைப் பாடத் துணிந்தது ஏன்? இவ்வினா யாப்பியலுக்கும் உரியதே. கும்மி தனியொருவர் நின்று புலம்பும் வடிவம் அன்று. வட்டமாக நின்று பலர் கைகொட்டினால்தான் அது நடைபெறும். உயிர்பிழைத்தோர் பலர் ஒருங்கு கூடியிருந்தனர் என்பதை அவ்வடிவமே அறிவிக்கிறது. அங்கே எவரும் எவர்க்கும் சான்று காட்ட வேண்டியதில்லை.

அக்கருத்தரங்கில் நான் வாசிக்கத் தொடங்கியபோது முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் கையுயர்த்தினார். படத்தை அணைத்துவிட்டுப் பேசினால் தம்மால் கவனிக்க இயலும் என்றார். கடிந்துகொள்ளும் தொனி அதில் இல்லை. அணைத்தேன். அடுத்து வாசிக்கவிருந்த பகுதி கும்மியின் சீர் அமைப்பைப் பற்றியது. அதனை விடுத்து, மக்கள் அவ்வாண்டில் தின்றனவாக அப்பாட்டு அடுக்கும் கீரைகள், கிழங்குகள், வேர்கள் ஆகியவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவற்றுள் சில எனக்கு விளங்கவில்லை, அகராதியிலும் இல்லை. இரண்டு பெயர்களை அந்தப் பேராசிரியர் அறிந்திருந்தார். அவற்றுள் ஒன்று கசக்கும் என்றும், ஏழு தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும் என்றும் தம் பாட்டி கூறியதாகச் சொன்னார்.